இசைத்தட்டில் பேர் எழுதியிருந்தால் விலை குறையுமாம்!

போன மாதம் பெங்களூரில் ஒருவர் வீட்டில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காபி கொடுத்து உபசரித்த வீட்டில் சத்தம் போடக்கூடாது என்று அடக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மாத்திரை போட்டும் இன்னும் இறங்கவில்லை. அதனால் இங்கே எழுதித் தீர்க்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா பேரன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். சம்பளத்தில் பாதி பழைய இசைத்தட்டு வாங்குவதிலேயே போகிறது. அதுவும் நம் பாட்டு கிடையாது, ஜமைக்கா நாட்டு ரெகே பாட்டு. நம்ம பர்கூர் ஜவுளிக் கடைகளில் சடைசடையாக முடி வளர்த்த ஒருத்தர் முகம் போட்ட பனியன் தொங்கும் பாருங்கள், அவர்தான் பாப் மார்லி, அந்தப் பாட்டின் பெரிய ஆள். வாங்குகிறவனுக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது, பனியன் மட்டும் நன்றாக ஓடுகிறது. இந்தப் பையன், "தாத்தா, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட தமிழ்த் தட்டு நாலாயிரம் இருக்கு, வர்றீங்களா?" என்றான். நான் விடுவேனா? கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்காரர் தமிழர்தான். ஐம்பது வயசு இருக்கும். நல்ல மனுஷன் என்றே சொல்ல வேண்டும். ஒரு அறை முழுக்கக் கண்ணாடி அலமாரி, ஏ.சி., ஒவ்வொரு தட்டுக்கும் பிளாஸ்டிக் உறை. ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தை மட்டும் பிடித்துக் காட்டினார். அப்படியே 'திருவிளையாடல்' கதை வசன எல்.பி. ஒன்றை எடுத்தார். நடு லேபிளைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்றுபோனது. சிவப்பு நெயில் பாலிஷில் 212 என்று எழுதியிருந்தது. அதன் பக்கத்தில் ஊதா மை ரப்பர் ஸ்டாம்ப். பாதி அழிந்திருந்தாலும் "பர்கூர்" என்பது நன்றாகத் தெரிந்தது. அந்த 2-க்கு வால் நீட்டி எழுதுகிற கை எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் சொன்னார்: "இதுதான் சார் வருத்தம். யாரோ ஒரு மைக்செட்காரன் கிறுக்கி வெச்சிருக்கான். இந்த எழுத்து மட்டும் இல்லேன்னா ஒன்பதாயிரம் போகும். இப்ப நாலு வந்தா அதிகம்."

சரி, போட்டுக் காட்டுங்களேன் என்றேன். சிரித்தார். "இதெல்லாம் போடறதில்ல சார். போடப் போடத் தேயும்."

இதுதான் நடந்தது. இனி என் பேச்சு.

அந்தக் கிறுக்கல் யாருடையது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று அவர் மகன் கேட்டுக்கொண்டதால் மைக்செட் அண்ணன் என்றே எழுதுகிறேன். பர்கூரில் என் வயசுக்காரர்கள் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். 1961 வாக்கில், இருபது இருபத்தோரு வயசில், சாவி கொடுத்துச் சுற்றும் ஒரு கிராமபோன் பெட்டியோடு தொழில் ஆரம்பித்தார். பிறகு ஒரு ஆம்பிளிஃபயர், கார் பேட்டரி, இரண்டு குழாய் ஸ்பீக்கர். எல்லாவற்றையும் ஒற்றை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கந்திகுப்பம், ஜெகதேவி, ஒப்பதவாடி, மத்தூர், அந்தப் பக்கம் குப்பம் வரைக்கும் போவார். புளிய மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டுவதற்கு என்னைப் போல நாலு பொடியன்கள் கூடவே திரிவோம். கூலி ஒன்றும் கிடையாது. ஊசி மாற்றுகிற உரிமை கிடைக்கும். பழைய 78 தட்டுக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் புது இரும்பு ஊசி மாற்ற வேண்டும். நான் மாற்றிய ஊசிகளை மட்டும் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கடப்பாரை அடித்திருக்கலாம்.

நம்ம பக்கம் எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் பேசுவார்கள். அண்ணன் வீட்டில் தெலுங்கு. அதனால் அவர் பெட்டியில் டி.எம்.எஸ். பக்கத்தில் கண்டசாலா இருப்பார். பி.பி. ஸ்ரீனிவாஸ் கன்னடத்திலும் இருப்பார், தமிழிலும் இருப்பார். நாகூர் ஹனிபா இருப்பார். எந்த வீட்டு விசேஷம், யார் சம்பந்தி, மாப்பிள்ளை வீடு குப்பமா கோலாரா என்று கேட்டுவிட்டுத்தான் தட்டு அடுக்குவார். முதலில் சீர்காழி பாடிய பிள்ளையார் பாட்டு. அது தப்பாது. ஆடி மாதம் என்றால் எல்.ஆர். ஈஸ்வரி. பங்குனி, சித்திரையில் ஊர் ஊராகப் பாரதம் நடக்கும். பகலில் பாரதம் படிப்பவருக்கு மைக், ராத்திரி தெருக்கூத்து. நடுவில் கூட்டம் கூடுகிற வரைக்கும் வசனத் தட்டு. 'கட்டபொம்மன்', 'பராசக்தி', 'திருவிளையாடல்'. நாகேஷும் சிவாஜியும் பேசும் தருமி காட்சியை எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் கூட ஒரு எழுத்து பிசகாமல் கூடவே சொல்வார்கள். அந்த 212 அப்படி உழைத்த தட்டு. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது ஒரே தட்டை ஒரே நாளில் எத்தனை தடவை போட்டார் என்று அவருக்கே கணக்கில்லை.

எண் எதற்கு, ஸ்டாம்ப் எதற்கு? ஒரே முகூர்த்தத்தில் மூன்று செட் இறங்கினால் தட்டு மாறிப்போகும். கடன் கொடுத்தால் திரும்பாது. அதனால் எண். அது ஒரு தொழிலாளி தன் கருவிக்குப் போட்ட அடையாளம். நானும் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூமில் 34 வருஷம் டை செய்தவன். என் மைக்ரோமீட்டரில் என் பேரைப் பொறித்துத்தான் வைத்திருந்தேன். அதனால் அது கெட்டுப்போய்விட்டது என்று எவனும் சொன்னதில்லை.

அந்த ஸ்டாம்பில் இன்னொரு விசேஷம் உண்டு. அண்ணனின் முதல் ஸ்டாம்பில் "பர்கூர், சேலம் ஜில்லா" என்று இருந்தது. 1965-ல் தர்மபுரி மாவட்டம் பிரிந்தது. உடனே புது ஸ்டாம்ப் செய்தார், "தர்மபுரி மாவட்டம்" என்று. 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் வந்தபோது அவர் தொழிலை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது, மூன்றாவது ஸ்டாம்ப் செய்யவில்லை. ஆக ஒரு தட்டில் சேலம் ஜில்லா என்று இருந்தால் அது எந்தக் காலத்தில் இந்த ஊருக்கு வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். லேபிளில் கம்பெனி அடித்த எழுத்தில் இந்தச் சேதி இருக்கிறதா? இல்லை. கிறுக்கலில்தான் இருக்கிறது.

இந்தச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு மார்க் போடும் முறை உண்டு. 'மின்ட்' என்றால் புத்தம் புதுசு. அதற்குக் கீழே 'நியர் மின்ட்', 'வெரி குட்' என்று இறங்கிக்கொண்டே போகும். வெரி குட் என்றால் வெரி குட் இல்லை, சுமார் என்று அர்த்தமாம், அதையும் பேரன்தான் விளக்கினான். லேபிளில் எழுத்து இருந்தால் மார்க் குறையும். உறையில் ஸ்டாம்ப் இருந்தால் குறையும். உறையில் ஒரு குழந்தை பேனாவில் சூரியன் வரைந்திருந்தால் இன்னும் குறையும். அதாவது, எந்தத் தட்டை எவரும் வாங்கிக் கேட்கவில்லையோ, கடையில் தூங்கியதோ, அதற்கு முதல் மரியாதை. ஊரே கேட்ட தட்டுக்குக் கடைசி மரியாதை. சாப்பிடாத இலைதான் நல்ல விருந்துக்கு அடையாளம் என்று சொல்வது போல் இருக்கிறது.

"அரிய தட்டு, அரிய தட்டு" என்கிறார்களே, அதைப் பற்றி ஒரு டை செய்கிறவன் சொல்கிறேன், கேளுங்கள். பாட்டை முதலில் ஒரு மெழுகு மாதிரியான பூச்சுத் தட்டில் வெட்டுவார்கள். அதன்மேல் உலோகத்தைப் படியவைத்து உரித்தால் பள்ளமெல்லாம் மேடாக ஒரு அச்சு வரும். அதிலிருந்து தாய் அச்சு, அதிலிருந்து பிரஸ்ஸில் மாட்டும் அச்சு. அதை வைத்துச் சூடான பிசினை அழுத்தினால் ஒரு தட்டு. கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் எச்.எம்.வி. அப்படித்தான் லட்சலட்சமாக அடித்துத் தள்ளியது. ஒரு அச்சில் அடித்த ஆயிரமும் அச்சுப் பிசகாமல் ஒன்றுதான். எங்கள் பட்டறையில் அடித்த வாஷர் மாதிரி. ஒரே மாதிரி ஆயிரத்தில் இந்த ஒன்றை மட்டும் வேறாக ஆக்கியது எது? அந்த 212தான். உலகத்தில் வேறு எந்தத் தட்டிலும் இல்லாதது அது ஒன்றுதான். அதைத்தான் அவர் பழுது என்று ஐயாயிரம் கழிக்கிறார்.

கழிப்பதோடு விட்டாலும் பரவாயில்லை. அதே வீட்டில் ஒரு 78 தட்டைக் காட்டினார். அதிலும் ஊதா மை இருந்த தடம். ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்கிறார்கள், இவர் அல்ல, இவருக்கு விற்றவர். லேபிள் வெளுத்து, அதைச் சுற்றி உள்வரிகள் எல்லாம் மங்கிச் சொரசொரப்பாகிக் கிடந்தது. எல்.பி. பிளாஸ்டிக், ஸ்பிரிட்டைத் தாங்கும். 78 தட்டு அப்படி இல்லை. அது அரக்கு. பூச்சி மரத்தில் சுரக்கும் அதே அரக்கில் கல்மாவும் கரியும் கலந்து அழுத்தியது. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். நம்ம ஆசாரிமார் பாலிஷ் போடுவதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே! ஒரு மைக்செட்காரர் பேரை அழிக்கப்போய்ப் பாட்டின் கடைசி அரை நிமிஷத்தை அழித்திருக்கிறார்கள். தயவுசெய்து இதைப் படிக்கிறவர்கள் யாரும் 78 தட்டை ஸ்பிரிட், தின்னர், சானிடைசர் எதிலும் துடைக்காதீர்கள். மெல்லிய ஈரத் துணி போதும், லேபிளில் படாமல்.

பேரனிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது அவன் ஒரு விஷயம் சொன்னான். ஜமைக்காவிலும் ஆரம்பம் மைக்செட்தானாம். அங்கே 1950-களில் 'சவுண்ட் சிஸ்டம்' என்று தெருவில் பெரிய பெரிய பெட்டி ஸ்பீக்கர் வைத்து, அமெரிக்கத் தட்டு போட்டு, ஜனங்கள் ஆடுவார்கள். காக்ஸன் டாட், டியூக் ரீட் என்று இரண்டு செட்காரர்களுக்குள் பெரிய போட்டி. நல்ல பாட்டு ஒன்று கிடைத்தால், எதிராளி கண்டுபிடித்து வாங்கிவிடக்கூடாது என்று லேபிளையே சுரண்டி எடுத்துவிடுவார்களாம். கேட்டதும் சிரித்துவிட்டேன். நம்ம அண்ணன் பேரை எழுதினார், அவர்கள் பேரைச் சுரண்டினார்கள், இரண்டுக்கும் காரணம் பிழைப்பு. அதே ஊரில் கிங் டப்பி என்று ஒருவர். ரேடியோ ரிப்பேர்காரர், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிறவர், சொந்தமாக ஆம்பிளிஃபயர் கட்டியவர். அவர்தான் பாட்டிலிருந்து பாடகர் குரலை எடுத்துவிட்டு, மத்தளத்தையும் அடிநாதத்தையும் மட்டும் விட்டு, எதிரொலி சேர்த்து 'டப்' என்று ஒரு புது வகையையே வளர்த்தெடுத்தார். அந்த ஊர் ரெகே சங்கீதத்தை 2018-ல் யுனெஸ்கோ அருவப் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் காலத்துச் சின்னத் தட்டுகளை இன்று ஜப்பான்காரரும் இங்கிலாந்துக்காரரும் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. சுரண்டிய லேபிள், மேலே செட்காரர் கைப்பட எழுதிய எழுத்து, இவை இருக்கிற ஜமைக்கா தட்டு கிடைத்தால் தானும் தன் கூட்டாளிகளும் குதிப்போம் என்கிறான் பேரன். எந்த செட், எந்தத் தெரு என்று ஆராய்வார்களாம். அப்படியானால் கிங்ஸ்டன் தெருவின் கிறுக்கல் வரலாறு, பர்கூர் தெருவின் கிறுக்கல் அழுக்கா? பையனிடம் நேரடியாகவே கேட்டேன். பதில் சொல்லவில்லை. போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

விலை என்பது எப்படி வருகிறது என்பதற்கு இன்னொரு வேடிக்கை. இங்கிலாந்தில் 1960-களின் ஆரம்பத்தோடு 78 தட்டு நின்றுபோனது. நம் நாட்டில் கரண்ட் இல்லாத வீடுகளில் சாவிப் பெட்டிதான் இருந்தது என்பதால் 1960-களிலும் புதுப் பாட்டை 78-ல் அடித்தார்கள். அப்படி இங்கிலாந்து பீட்டில்ஸ் பாட்டும் டம்டமில் 78-ஆக வந்தது. வேறு எங்கும் சுலபத்தில் இல்லை என்பதால் வெள்ளைக்காரர்கள் இன்று அதற்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள். நம்மிடம் கரண்ட் இல்லாததற்கு விலை! நம்ம வீட்டு இருட்டுக்குப் பிறந்த பொருளை நாம் கிலோ கணக்கில் பழைய இரும்புக்காரனிடம் போட்டோம்.

இங்கே நான் என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். கேசட் வந்து, டி-சீரிஸ் வந்து, 1990-களின் ஆரம்பத்தில் புதுத் தட்டு வருவதே நின்றுபோனது. அண்ணன் செட்டை விற்றார், தட்டுகளை மட்டும் விற்கவில்லை. எழுநூறு சொச்சம் தட்டு, தகர டிரங்க்கில், பரண்மேல். 2009-ல் போய்ச் சேர்ந்தார். மூன்று வருஷம் கழித்து அண்ணி என்னைக் கூப்பிட்டனுப்பினார். "தம்பி, வீட்ட இடிச்சுக் கட்டறாங்க. உனக்குத்தான் இதுமேல ஆசை. எடுத்துட்டுப் போறியா?" என்றார். நான் அப்போதுதான் ரிட்டயர் ஆகி வீட்டுக்கு ஓடு மாற்றி மாடி எடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி முகத்தை நினைத்தேன். "இப்ப எதுக்கு அண்ணி, எல்லாம் செல்போன்லயே வந்துடுச்சு. யாராச்சும் கேட்டா குடுத்துடுங்க," என்று சொன்ன வாய் இந்த வாய்தான். அடுத்த வாரம் டெம்போவில் ஒருவர் வந்து மூவாயிரத்து ஐநூறு கொடுத்து அள்ளிக்கொண்டு போனார். தட்டு ஒன்றுக்கு ஐந்து ரூபாய்! அண்ணி அந்தப் பணத்தில் வெந்நீர் போட ஒரு ஹீட்டர் வாங்கினார்.

எனவே "நாங்கள் காப்பாற்றாவிட்டால் பிளாஸ்டிக் குடமாகியிருக்கும்" என்று சேகரிப்பாளர்கள் சொல்வதை நான் மறுக்க முடியாது. உண்மைதான். பெங்களூர் வீட்டுக்காரர் மட்டும் வாங்கியிருக்காவிட்டால் 212 இன்று உலகத்திலேயே இல்லை. அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் காப்பாற்றியவர் அதைக் கேட்கவும் விடவில்லை, யாருக்கும் பதிவு செய்து கொடுக்கவும் இல்லை. அலமாரியில் இருக்கும் நாலாயிரத்துக்கு ஒரு பட்டியல்கூட இல்லை. நான் கேட்டேன். "பட்டியல் போட்டா எல்லாரும் தொந்தரவு பண்ணுவாங்க சார்," என்றார். பரணில் இருந்தாலும் கண்ணாடியில் இருந்தாலும் தட்டுக்கு வித்தியாசம் என்ன, ஏ.சி. ஒன்றைத் தவிர?

எல்லாச் சேகரிப்பாளரும் இப்படி என்று சொன்னால் பாவம் வரும். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் ஆயிரக்கணக்கில் 78 தட்டு சேர்த்தார், சேர்த்ததைக் கேட்டார், கேட்டதை எழுதினார். மும்பையில் 1990-ல் இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் ஒன்று ஆரம்பித்தவர்கள் பத்திரிகையே நடத்தினார்கள். 'யங் இந்தியா' என்ற பழைய சுதேசிக் கம்பெனித் தட்டுகளை லண்டன் பிரிட்டிஷ் நூலக உதவியோடு பதிவு செய்து, உலகத்தில் யாரும் இலவசமாகக் கேட்கும்படி வைத்தார்கள். புத்தகத்தில் பார்த்தால், செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா. போர்டு எழுதுகிற தொழில். அவர் சேர்த்துவைத்த புத்தகமும், நாம் நாலணாவுக்கு வாங்கிக் கிழித்துப் போட்ட சினிமாப் பாட்டுப் புத்தகமும், இன்று சென்னையில் அவர் பேரிலேயே ஒரு ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. இவர்களும் சேகரிப்பாளர்கள்தான். ஒன்பதாயிரமா நாலாயிரமா என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

"எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே, தாத்தா" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாம் இல்லை. 78 தட்டில் ஒரு பக்கம் பெரும்பாலும் மூன்றரை நிமிஷத்துக்கு மேல் போகாது. அதனால் படத்தில் இருந்த நீளமான பாட்டைச் சுருக்கியோ, இரண்டாக வெட்டி இரு பக்கத்திலோதான் போட்டார்கள். இன்று கேட்பது பல சமயம் படத்து ஒலி. நாம் அன்று திருவிழாவில் கேட்டது தட்டு ஒலி. இரண்டும் ஒன்றல்ல. நாடகத் தட்டு, காமிக் தட்டு, கட்சிப் பாட்டு, எங்கள் எல்லைப் பக்கத்துத் தெலுங்கு பக்திப் பாட்டு, இவற்றில் நான் தேடிய பலவும் அங்கே கிடைக்கவில்லை. 2017-ல் சரிகம வெளியிட்ட கார்வான் ரேடியோப் பெட்டியை மகன் வாங்கிக் கொடுத்தான், நல்ல பெட்டி, தினமும் கேட்கிறேன். அதில் உள்ளது கம்பெனி பொறுக்கிய பாட்டு. அண்ணன் பொறுக்கியது வேறு.

தேயும் என்கிற வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இது என் தொழில். தேய்வது ஊசி தப்பாக இருந்தால். எல்.பி. ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான். 78-க்கு அதைப்போல் மூன்று நாலு மடங்கு பருமனான முனை வேண்டும். எல்.பி. ஊசியை 78-ல் வைத்தால் பள்ளத்தின் அடியில் போய் உழும், சத்தமும் இரைச்சலாக வரும். சரியான ஊசி, சரியான எடை வைத்து வருஷத்துக்கு இரண்டு தடவை போட்டால் அந்தத் தட்டு அவர் பேரனுக்குப் பேரன் காலம் வரைக்கும் பாடும். ஒரே ஒரு தடவை ஒழுங்காகப் போட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டால் பிறகு தொடவே வேண்டாம். அரை மணி வேலை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

பெங்களூரிலிருந்து வந்த மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணியும் இப்போது இல்லை. மகன் சிப்காட்டில் வேலை பார்க்கிறான், ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தான். 212-ஐப் பார்த்தேன் என்றதும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்தான். நீளமான கணக்கு நோட்டு, அட்டை கறையான் அரித்தது. டெம்போக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம்" என்று திண்ணையில் போட்டுவிட்டுப் போனாராம்.

1-லிருந்து 731 வரைக்கும் எண். எண்ணுக்கு நேரே பாட்டு, எங்கே வாங்கியது, என்ன விலை, முதலில் எந்த ஊரில் யார் வீட்டில் போட்டது. தமிழில் ஆரம்பித்து அவசரம் வந்தால் தெலுங்கு எழுத்துக்குப் போய்விடுவார். 212-க்கு நேரே: 1974, பெங்களூர், ரூ. 42, ஜெகதேவி பாரதம், படுகளத்துக்கு முந்தின ராத்திரி. கீழே சின்னதாக, "மழை, பாதியில் நிறுத்தம்." 318-க்கு நேரே என் கல்யாணம் இருக்கிறது. முதலில் போட்ட பாட்டு எது என்று எனக்கும் என் மனைவிக்கும் நாற்பது வருஷமாக ஒரு தகராறு உண்டு. அவள் சொன்னதுதான் சரி.

பேரன் இந்த நோட்டைப் பற்றிப் பெங்களூர்க்காரரிடம் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. இரண்டு நாளில் போன் வந்தது. "சார், அந்த நோட்டுக்குப் பதினைஞ்சாயிரம் தர்றேன். தட்டோட அதையும் வெச்சா அதுக்கே தனி மதிப்பு, வெளிநாட்டுல இதுக்குக் கிராக்கி இருக்கு." போன வாரம் கிறுக்கல், இந்த வாரம் மதிப்பு! சார், நோட்டு விற்பனைக்கு இல்லை, மகனும் தரமாட்டான் என்று சொன்னேன். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னேன்: நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து இங்கேயே போடப்போகிறேன், காசு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு உங்களிடம் சிவப்பு எண் போட்ட தட்டு எத்தனை இருக்கிறது என்று எண்ணை மட்டும் சொல்லுங்கள், 212-ஐ ஒரு தடவை போட்டுப் பதிந்து கொடுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்று இருபத்து மூன்று நாள் ஆகிறது.

எனவே உங்களிடம் கேட்கிறேன். பெங்களூர் அவென்யூ ரோடு பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கடையிலோ, போச்சம்பள்ளி சந்தையிலோ, சொந்தக்காரர் வீட்டு ஷோகேஸிலோ, லேபிளில் சிவப்பு நெயில் பாலிஷ் எண்ணும் ஊதா ஸ்டாம்பும் உள்ள தட்டைப் பார்த்தால் எனக்கு எழுதுங்கள். தட்டு வேண்டாம், எண் போதும். அந்தத் தட்டு எந்த ஊரில் யார் வாசலில் முதலில் பாடியது என்று நான் உடனே பார்த்துச் சொல்கிறேன். இதுவரை 731-ல் நான்கு தெரியும்.

உங்கள் ஊர் மைக்செட்காரர் குடும்பத்திலும் இப்படி ஒரு நோட்டு கிடக்கலாம், பரணில் தட்டும் கிடக்கலாம். மத்தூர், ஊத்தங்கரை, வேப்பனப்பள்ளி பக்கத்துக்காரர்கள் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். விற்பதானால் விற்றுக்கொள்ளட்டும், அது அவர்கள் சொத்து, ஆனால் ஐந்து ரூபாய்க்கு வேண்டாம், லேபிளைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளாமலும் வேண்டாம். என்னிடம் ஒரு பழைய பிளேயர் இருக்கிறது, 78 ஊசியும் போன வாரம் வந்துவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். தட்டைக் கொண்டுவருகிறவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப்போட்டுக் கொண்டுவராதீர்கள், நிறுத்திவைத்து, நடுவில் பழைய வேட்டித் துணி கொடுத்துக் கொண்டுவாருங்கள். வெயிலில் வண்டியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அப்பளம் மாதிரி ஆகிவிடும்.